அண்ணி வரைந்த போர்க்களம்

“…ஜெயிச்சது நானா, என் படமான்னு இன்னும் தெரியலையே. அதுக்குள்ள ஏங்க கேசட்டைத் தூக்குறீங்க?” என்றார் அண்ணி. டேப் ரெக்கார்டரின் பதிவுப் பொத்தான் மேல் விரலை வைத்திருந்த என் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கடையே கைதட்டிக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும், குழம்பில் உப்பு சரியா என்று நாக்கில் விட்டுப் பார்ப்பவரின் முகத்தோடு, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசி அது. அரியலூரில் அண்ணன் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். நானும் அண்ணியும் அங்கேதான் வேலை. தா.பழூரிலிருந்து மூன்று பேரும் பஸ்ஸில் வந்து போவோம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர், புது டிவிக்கு மாற்றாக ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க டைப்ரைட்டரின் மேல்மூடி மாதிரி இருக்கும். டிவியில் இணைத்து, கேசட்டை ஓடவிட்டால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி கொஞ்ச நேரம் கத்தும். அப்புறம் விளையாட்டு வரும்.

விளையாட்டு இதுதான். இரண்டு ராஜா, இரண்டு கோட்டை. எதிராளியின் கோட்டையைப் பிடித்தவர் ஜெயித்தார். திரை முழுக்கக் கட்டம். வயல் கட்டம் கையில் இருந்தால் தானியம் வரும், தானியம் இருந்தால் படை பெருகும். மேட்டில் ஏற நேரமாகும். தண்ணீரைத் தாண்டவே முடியாது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, களத்தை நாமே வரைந்துகொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்; வரிசையாகத் தட்டி, கேசட்டில் பதிந்துகொண்டால் அது நம் களம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்ட் ஆலை ஃபோர்மேன் ஒருவர் வந்து எங்கள் எல்லோரையும் தோற்கடித்துவிட்டுப் போவார். பழைய களம் அவருக்கு மனப்பாடம். புதுசாக ஒன்று வேண்டியிருந்தது.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அண்ணிதான் எண்களைத் தட்டுவார். “தெரியாத ராஜ்யம் எதுக்கு? நம்ம ஊரையே போடுவோம்” என்றார். வடமேற்கு மூலையில் அவர் பிறந்த வேப்பந்தட்டை, தென்கிழக்கில் எங்கள் தா.பழூர்.

அண்ணன் சிரித்தார். “உங்க ஊரா? அங்க காக்காகூடத் தண்ணியைக் கையோட கொண்டுவந்துதானே குடிக்கும். எங்க நெல்லுக்கு முன்னாடி உங்க கம்பும் சோளமும் நிக்குமா?” கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் இந்தக் கேலி உண்டு. அண்ணி வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கோ, பென்சிலை எடுத்துக்கொண்டார்.

முதலில் வரைந்த படத்தில் வேப்பந்தட்டையைச் சுற்றி ஏரிகளாக வைத்தார். “வரையுறப்பவாவது எங்க ஊருல தண்ணி கெடக்கட்டுமே தம்பி.” நானும் ஆசையாக நீலம் தீட்டிக் கொடுத்தேன். தண்ணீர் என்றால் செழிப்பு என்றே பழகிய ஆட்கள் நாங்கள். இந்த விளையாட்டில் தண்ணீர் ஒரு மதில் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடினால், அண்ணியின் படை சொந்த ஏரிகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. வெளியே வர இருந்த ஒரே சந்தில் ஃபோர்மேன் தன் ஆட்களை நிறுத்திவிட்டு, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அப்படி எதுவும் சொல்லிடாத தங்கச்சி!” என்றார்.

“கூடத்தைக் கட்டுனதே நான்தாண்ணே. கோணலா இருந்தா இடிச்சுக் கட்டுறேன்” என்றார் அண்ணி.

அண்ணனுக்குப் பொறுமையில்லை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வயல், ஒரே அளவு மேடு என்று போட்டுவிட்டால் தகராறே இல்லை என்றார். “அது ஊரா? கண்ணாடி முன்னாடி நின்னு சண்டை போடுறாப்ல இருக்கும்” என்று அண்ணி மறுத்தார். கடைசியில், வர்ற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை. அதற்குள் வேப்பந்தட்டை எழுந்து நிற்காவிட்டால் அண்ணனின் கண்ணாடிப் படம்தான் என்று முடிவானது.

வழி பஸ்ஸில் கிடைத்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவர், எதிரே கைக்கெட்டுகிற வயலுக்குப் போக, மதகு வரை நடந்து சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணி என் தோளைத் தட்டினார். “அவரைப் பாருங்க தம்பி. எங்க ஊருன்னா குறுக்கால நடந்துருவோம். தண்ணி மொத்தத்தையும் தா.பழூருக்கே கொடுத்துருவோம், எங்களுக்கு ஒரு சொட்டு வேணாம்!”

அப்படியே வரைந்தார். தா.பழூருக்கு முதுகில் கொள்ளிடம், வயலுக்கு வயல் வாய்க்கால், கடக்க ஒன்றிரண்டு பாலம். தானியம் குவியும், படை நகராது. வேப்பந்தட்டைக்குப் பின்னால் மலை, முன்னால் வெட்டவெளி, அங்கங்கே கொஞ்சம் வயல். படை சிறுசு, ஆனால் கால் நீளம். அந்த வாரம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் நானும் அவரும் ஆடி ஆடிப் பார்த்தோம். வேப்பந்தட்டை ரொம்பச் சுலபமாக ஜெயித்தால் அண்ணியே முகம் சுளித்து, எங்களுக்கு இன்னொரு பாலம் போட்டுக் கொடுப்பார். படம் சரியாகும்வரை கேசட்டில் பதியக் கூடாது என்பது அண்ணியின் பிடிவாதம்; அதனால் நடுவில் கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போச்சு. மறுபடி முதல் வரியிலிருந்து.

ஞாயிறு வந்தது. ஃபோர்மேன் தா.பழூரை எடுத்துக்கொண்டு வயலாகப் பிடித்துப் படையைப் பெருக்கினார். அண்ணியின் கொஞ்சப் பேர் விக்கிரமங்கலம் வழியாக இறங்கி வந்து பாலங்களில் உட்கார்ந்துகொண்டார்கள். அவ்வளவு பெரிய படை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்க, தா.பழூர்க் கோட்டை விழுந்தது. ஃபோர்மேன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பானை நெறையச் சோறு, கதவைத் தாப்பாப் போட்டுட்டாளே!” கைதட்டல். அண்ணன் பெருமை தாங்காமல், படத்தைப் பதிய கேசட்டை எடுத்துப் போட்டார். அப்போதுதான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உன் ஊருதானே ஜெயிச்சுது? இன்னும் என்ன?” என்றார் அண்ணன்.

“ஃபோர்மேன் அண்ணன் அசந்துட்டாருன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்ல? தா.பழூரு தோக்கறதுக்குன்னே பொறந்த ஊருன்னா, அது உங்க கண்ணாடிப் படத்தவிட மோசங்க.”

இன்றைக்கு என் பேத்தி போனில் ஆடுகிறாள். எண்ண முடியாத களங்கள், தொட்டால் வருகின்றன. தோற்றால், “மேப்பு சரியில்ல தாத்தா” என்பாள். “அந்தப் பக்கம் உக்காந்து ஆடிப் பாத்தியா?” என்று கேட்பேன். கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். அது எங்கள் அண்ணியின் கேள்வி. ஜெயித்த கையோடு அதைக் கேட்டவர் அவர்.

கேட்டதோடு நிற்கவில்லை. எழுந்து, தன் வேப்பந்தட்டையை ஃபோர்மேனிடம் கொடுத்துவிட்டு, தா.பழூரைத் தான் எடுத்துக்கொண்டார். வயலுக்கு ஆசைப்படாமல் முதலில் பாலங்களில் ஆளை நிறுத்தினார். அதற்குப் பின்னால் மெல்ல மெல்ல நெல்லைச் சேர்த்தார். ஃபோர்மேன் இந்தத் தடவை சிரிக்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆடினார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே ஆறிப்போன பிறகு, தான் பிறந்த ஊரின் கோட்டையை அண்ணி தன் கையாலேயே பிடித்தார். பிடித்துவிட்டு, மறுபடி பொத்தானுக்கு வந்த அண்ணனின் விரலை விலக்கி, பதிவுப் பொத்தானை அவரே அழுத்தினார்.