யாரும் வாய் திறக்காத ஆட்டம்

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை வெண்டெல் ஸ்ட்ரவுட் நெப்ராஸ்கா வீட்டிலிருந்து ஆட்டங்களுக்குக் கிளம்பினான். வழியனுப்ப வந்து நின்ற மனைவி மார்லீனுக்கு ஏழாம் மாதம். முதல் கரு கலைந்தபோது அவன் ஏதோ ஓர் ஊரில் பந்து வீசிக்கொண்டிருந்தான்.

"இந்தத் தடவையாவது பக்கத்துல இருப்பியா?"

"ஒரு போன் போடு. பந்தை அங்கயே போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"யாரு, நீயா? வீடு பத்தி எரிஞ்சாக்கூட, இந்தச் சுத்து முடியட்டும்பே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பெரிய அணிகளுக்கு ஆள் பழக்கும் கீழ்மட்ட பேஸ்பால் அணி அவனுடையது. ஊர் ஊராகப் பேருந்து, காய்ந்த ரொட்டி, அடுத்த வருடம் மேலே கூப்பிடுவார்கள் என்ற பேச்சு. முப்பதை நெருங்கியவனை யார் கூப்பிடுவார்கள்?

மே மாத ஞாயிறு, பக்கத்து மாநிலமான அயோவாவில் மதிய ஆட்டம். அன்று கை சொன்னபடி கேட்டது. ஒன்பது சுற்றில் ஐந்து முடிந்தும் எதிரணியில் ஒருவனாலும் அவன் பந்தை அடித்துவிட்டு முதல் கட்டம்வரை ஓடிச் சேர முடியவில்லை. அப்படி ஓர் ஆட்டம் நடக்கும்போது வீசுகிறவனிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது, பேசினால் ராசி கெட்டுவிடும். பெஞ்சில் அவனைத் தனியே விட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஆறாவது சுற்றுக்கு முன் மைதான அலுவலகத்துப் பெண் வந்து, அவன் பந்துகளைப் பிடிக்கும் லானியின் காதில் ஏதோ சொன்னாள். லானியின் முகம் வெளுத்தது. வெண்டெலைப் பார்த்தவன் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

வீட்டிலிருந்துதான் போன் என்று வெண்டெலுக்குப் புரிந்துவிட்டது. ‘என்னடா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தான்.

ஒன்பதாவது சுற்றில் ஓர் ஒல்லிப் பயல் அடித்த பந்து புல்லில் உருண்டு தப்பியது; அவன் ஓடிச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் லானி ஓடி வந்தான்.

"மச்சான், மார்லீனை ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. எப்படிடா சொல்றது... நீ அப்படி வீசிக்கிட்டிருந்தே."

இரவல் காரை விரட்டி ஊர் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் துணியால் மூடியிருந்தார்கள். மார்லீன் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "ஆட்டம் முடிஞ்சுதா?"

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். தொப்பியைக் கழற்றினான்.

இலை உதிரும் முன்பே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வசந்தத்தில் அணியும் அவனைக் கழற்றிவிட்டது. மாட்டிறைச்சி ஆலையில் எலும்பு வெட்டும் வேலையில் சேர்ந்தான்.

வருடங்கள் ஓடிய பின், ஒரு சாப்பாட்டு இடைவேளையில் கைபேசிக்குச் செய்தி வந்தது.

"மார்லீன்தான். லானியைக் கடையில பாத்தேன். போன் வந்ததே உனக்குத் தெரியாதாமே. இத்தனை வருஷமா உன்னைத் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிடு."