கொப்பின் சுத்தியல்

இரண்டு தட்டு, ஒரு மூச்சு, மூன்று தட்டு. இரவல் சுத்தியலால் முனீப் தட்டத் தண்டவாளத் துண்டு அதிர்ந்தது. மறுபடி இரண்டு தட்டு, ஒரு மூச்சு. அடுத்த மூன்று விழுமுன் சிவரூபன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“நானா, கொஞ்சம் மெதுவா. மான் வண்டில் மணி மாதிரிக் கேக்கோணும்.”

“எந்த மான்?”

“நத்தார் அப்பான்ர வண்டில இழுக்கிற மான்.”

“அப்ப மானைப் பிடிச்சிட்டு வாங்க. இது துருத் தட்டுற சத்தம்.”

ஒத்திகைக்கு வந்திருந்த கிற்றார்க்காரன் சிரித்தான். முனீப் சிரிக்கவில்லை. தன் வாழ்நாள் வேலையை ஒருவன் மான் என்று சொல்லுவான், அதுவும் உப்புவெளியில் ஒரு ஹொட்டேலின் குளிரூட்டிய மண்டபத்தில் வைத்துச் சொல்லுவான் என்று எழுபத்தைந்து வயதுவரை அவர் நினைத்ததில்லை.

கப்பலின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கும் பலகையில் இரண்டு பேர் இருந்து துருத் தட்டுவார்கள். இருவரும் ஒன்றாகத் தட்டினால் பலகை ஆடும். கீழே கடல். அதனால் ஒருவன் இரண்டு தட்டி மூச்சு விடுகிற நேரம் மற்றவன் மூன்று தட்டுவான். பதினேழு வயதில் துறைமுகப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து முனீபின் கைக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும். இடது காது அந்தச் சத்தத்திலேயே செத்துப்போனது. அதே பலகையில் பக்கத்தில் இருந்த சம்பூர் பாக்கியரத்தினம்தான் 1971 டிசம்பரில் கிறிஸ்மஸுக்காக அந்தத் தட்டுக்கு ஒரு பாட்டைக் கட்டினார். ‘நத்தார் அப்பா வாறார், நங்கூரம் தூக்கி வாறார்.’ வானொலியில் கேட்ட றொக் அண்ட் றோலும் கப்பல் துருவும் கலந்த பாட்டு. கட்டியவர் சைவம், தட்டியவர் முஸ்லிம். அடுத்த வருடம் அது இசைத்தட்டாக வந்தது. பிறகு திருகோணமலையில் அந்தப் பாட்டு இல்லாமல் ஒரு நத்தார் போனதில்லை.

ஹொட்டேலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளன் சிவரூபன். அண்ணன் முறையில் முனீபை நானா என்றுதான் கூப்பிடுவான். பாட்டில் வாசித்தவர்களில் மிஞ்சியிருப்பவர் இவர் ஒருவர்தான் என்று தேடிப் பிடித்து அழைத்திருந்தான். இப்போது அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கையில் தந்தான். பாட்டின் வரலாறு. எச். கொப் என்ற ஆங்கிலேய மாலுமி, 1956இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருந்தபோது, ஊர் நினைவில் ஒரு நத்தார் நாளில் அமைத்த மெட்டு. தமிழ் வரிகள்: பெயர் தெரியவில்லை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரனின் படம்.

“இது ஆர்?”

“கொப்.”

“கொப்ப எங்க கண்டு பிடிச்ச?”

“இன்ரநெற்றில எடுத்தது நானா. ஆள் மாறியிருக்கும். ஆனா அந்தக் காலத்து நேவிக்காரன்தான்.”

முனீப் புத்தகத்தை மூடினார். “கொப் எண்டு ஒருத்தன் பாட்டுக் கட்டேல்ல. கட்டினது பாக்கியரத்தினம். கொப் எண்டது என்ர சுத்தியல்ர பிடியில கிடந்த பேர்.”

“சுத்தியல் இருக்கா?”

“வீட்ட கிடக்கு.”

“கொண்டு வாங்கோ. பாத்திட்டுக் கதைப்பம்.”

ஓட்டோ பிடித்து ஜமாலியாவிலுள்ள வீட்டுக்குப் போனார். அடுப்புப் புகை படிந்த குசினிக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு கிடந்த சுத்தியலைத் தேடி எடுத்தபோது மனைவி நஜ்முன் நிஸா வாசலில் வந்து நின்றாள்.

“அம்பது வரிசமா வராத கோவம் இண்டைக்கு எங்கயிருந்து வந்த?”

“பேர் தெரியாதாம். பாக்கியத்துக்குப் பேர் தெரியாதாம்.”

“அந்தப் பேர அழிச்சது ஆரு? ஹொட்டல்காரனா?”

அவளுக்கு எல்லாம் தெரியும். பாட்டைக் கட்டிய அந்த டிசம்பரில், துறைமுகக் கிளப்பின் நத்தார் நடனத்தில் பாட இடம் கேட்டு முனீபும் பாக்கியரத்தினமும் போனபோது, செயலாளர் மெட்டைக் கேட்டுவிட்டு, துருத் தட்டுறவன்ர பாட்டுக்கு இஞ்ச இடமில்லை என்றார். இங்கிலீஷ்காரன் போய்ப் பதினான்கு வருடம். ஆனாலும் அவன் விட்டுப்போன பிஸ்கற் ரின்னும் கம்பளியும் சப்பாத்தும் ஊரில் அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற பொருள்களாக இருந்தன. முனீப் யோசிக்கவில்லை. “மெட்டு எங்கட இல்ல ஐயா, வெள்ளைக்காரன்ர” என்றார். ஆர் என்று கேட்டபோது சுத்தியல் பிடியில் சூடு வைத்துப் பொறித்திருந்த பெயரைச் சொன்னார். கடற்படைக் களஞ்சியத்திலிருந்து பட்டறைக்கு வந்த பழைய சுத்தியல் அது. கொப் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். செயலாளரின் முகம் மலர்ந்தது. வெளியே வந்து பாக்கியரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார்.

இசைத்தட்டு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. அதிலும் கொப் பெயர்தான். “இனி மாத்துவமா?” என்று கேட்டார். “பிறகு பாப்பம்” என்றார் முனீப். 2006இல் சண்டை மூண்டு சம்பூர்ச் சனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியது. பாக்கியரத்தினத்தின் கிற்றாரும் பாட்டெழுதிய கொப்பிகளும் அங்கேயே போயின. அடுத்த வருடம் அகதி முகாமில் காய்ச்சலில் அவரும் போனார். மிஞ்சிய சாட்சி ஒன்று. அதுவும் பொய் சொன்ன சாட்சி.

“அவர்ர மகளிட்டப் போய்ச் சொல்லுங்களன்” என்றாள் நஜ்முன் நிஸா. “ஹொட்டல்காரனோட கத்தி என்ன கண்ட?”

“ரெண்டு பேரிட்டையும் சொல்லுறன்.”

ஹொட்டேலில் சுத்தியலைப் பார்த்ததும் சிவரூபன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான். பிடியில் எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது. ஃபோனில் படம் எடுத்தான். முகாமையாளரைக் கூப்பிட்டான். முகாமையாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு முனீபின் தோளில் தட்டினார்.

“கொப்பின்ர சொந்தச் சுத்தியல். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?”

“நான் சொன்னது விளங்கேல்லையா? சுத்தியலப் பாத்துத்தான் நான் பேரைச் சொன்னனான். பொய் சொன்னனான்.”

“நானா, நீங்கள் களைச்சுப்போனீங்கள்” என்றான் சிவரூபன். “ஒரு ரீ குடியுங்கோ. சம்பூர்க்காரன் எண்டா ஒரு பேப்பர் காட்டுங்கோ, அடுத்த வருசம் போடுவம். இப்ப புத்தகம் அடிச்சாச்சு. வாற சனத்துக்குக் கொப்தான் பிடிக்கும்.”

ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முன் செயலாளரின் மேசைக்கு முன்னால் நின்று முனீபும் இதையேதான் நினைத்தார். அந்தத் தேத்தண்ணியைச் சிவரூபனின் முகத்தில் ஊற்றியிருப்பார். ஆனால் யாருடைய முகத்தில் முதலில் ஊற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிறைந்தது. வெள்ளைக்காரர், கொழும்புக்காரர். அறிவிப்பாளர் கொப்பின் கதையை ஆங்கிலத்தில் சொல்லி, சுத்தியலைத் தூக்கிக் காட்டி, முனீபின் கையில் கொடுத்தார். கைதட்டல்.

முனீப் ஒரு முறை தட்டினார். நிறுத்தினார். பத்து எண்ணுகிற நேரம் விட்டு மீண்டும் ஒன்று. பிறகு இன்னும் ஒன்று. கப்பலின் தொட்டிக்குள் ஒருவன் மயங்கி விழுந்தால் பட்டறையில் தட்டுகிற தட்டு அது. அதைக் கேட்டால் எல்லாச் சுத்தியலும் நிற்க வேண்டும். மண்டபத்தில் எதுவும் நிற்கவில்லை. பாட்டின் தொடக்கம் என்று நினைத்து மேலும் கைதட்டினார்கள்.

அவர் ஒலிவாங்கியை இழுத்தார்.

“இந்த மெட்டு சம்பூர் பாக்கியரத்தினத்தின்ர. கொப் எண்டது சுத்தியல்ர பேர். பொய் சொன்னது நான். அத அச்சடிச்சது இவங்க.”

தட்டுகளோடு நடந்துகொண்டிருந்த பரிசாரகர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குத்தான் விளங்கியது. ஒருவன் தட்டை மேசையில் வைத்துவிட்டான். வெள்ளைக்காரர் புன்னகைத்தார்கள். சிவரூபன் ஒலிவாங்கியை நிறுத்தினான். ட்றம்ஸ்காரன் பாட்டைத் தொடங்கினான், மெதுவாக, மான் நடையில். முனீப் சுத்தியலை எடுத்துக்கொண்டு குசினி வழியாக வெளியேறினார்.

அடுத்த நாள் நத்தார். மழை பெய்தது. முனீப் காலை பஸ்ஸில் சம்பூருக்குப் போனார். பாக்கியரத்தினத்தின் மகள் கௌசிகா மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பாட்டு முடிஞ்ச உடன அப்பா ரேடியோவ நிப்பாட்டிப்போடுவார், மாமா. கட்டினவர்ர பேர் வாசிக்க முந்தி. ரேடியோவில கோளாறாக்கும் எண்டு நினைச்சனான்.”

கதிரை ஒன்றை எடுத்துப் போட்டாள். பிள்ளையின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். எழுதினார். திகதி இல்லை என்றாள். திகதியும் போட்டார். தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். சுத்தியலை நீட்டினார்.

“அது எனக்கு வேண்டாம். நீங்களே வச்சிருங்கோ.”

தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தார். இரண்டு மணி பஸ் அரை மணித்தியாலம் பிந்தி வந்தது.