தீப்பெட்டிக்கு நான்கு எலுமிச்சம்பழம்

நான் வாடகைக்குக் குடியிருப்பது விஸ்வலிங்கம் அங்கிளின் செங்காங் வீட்டில். துறைமுக அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர். அவர் மனைவி இரஞ்சிதம் ஆன்ட்டி இருபது ஆண்டுகள் பாலர் பள்ளி வேன் ஓட்டியவர். இருந்தும், கல்யாணத்தன்று அவரை வீட்டுக்கு அழைத்து வந்த அந்தக் குட்டிப் பச்சைக் காரின் சாவியை அங்கிள் ஒருநாளும் அவரிடம் கொடுத்ததில்லை.

"அதுக்குத் தனிப் பக்குவம் வேணும்லா" என்பார்.

காருக்கு ஆன்ட்டி வைத்த பெயர் தீப்பெட்டி.

போன தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் தீப்பெட்டி நிற்க மறுத்தது. அங்கிள் வழக்கம்போலப் பிரேக்கை மூன்று முறை ஓங்கி மிதித்தும், மெல்ல உருண்டுபோய் ஒரு பூக்கடைக்குள் மூக்கை நுழைத்தது. தலையில் மூன்று முழம் மல்லிகையோடு இறங்கிய ஆன்ட்டி, "இனி இதுல நான் உக்கார மாட்டேன்" என்றார். பூவுக்குக் காசு கொடுக்கக்கூட நிற்கவில்லை.

நாற்பதாவது திருமண நாள் நெருங்கியது. அன்று அவரைத் தீப்பெட்டியில்தான் பிடோக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அங்கிளுக்கு ஒரே பிடிவாதம்.

"தம்பி, நீங்க மெக்கானிக்கல் படிச்சவர்தானே?"

எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டம் என்னுடையது. கார்புரேட்டர் படம் வரைந்து, பாகம் குறித்து, பதினாறுக்குப் பதினான்கு வாங்கியவன். மறுக்க முடியுமா? கூடவே போனேன். முகமது இஸ்மாயிலின் பட்டறையில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன்.

"ரொம்ப நல்லது தம்பி. அந்த ஸ்பேனரை எடுங்க" என்றார் இஸ்மாயில்.

காரில் மாற்றம் செய்யப் போக்குவரத்துத் துறையின் அனுமதிக் கடிதம் வந்ததும் இரட்டைக் கார்புரேட்டரும் டிஸ்க் பிரேக்கும் ஏறின. "அங்கிள், இனி ஆக்சிலேட்டர், பிரேக் ரெண்டும் லேசாத் தொட்டாப் போதும். மிதிக்காதீங்க" என்று இஸ்மாயில் சொல்லியனுப்பினார். அங்கிளின் தலை ஆடியது. கால் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆன்ட்டி ஒரே நிபந்தனை போட்டார். "பூஜை போட்டு, நாலு சக்கரமும் நாலு பழத்தையும் ஒழுங்கா நசுக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

திருமண நாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலையொட்டிய கார் பார்க்கில் ஐயர் கற்பூரம் காட்டிப் பழங்களை வைத்தார். அங்கிள் பழைய பழக்கத்தில் ஆக்சிலேட்டரை அமுக்கினார். தீப்பெட்டி உறுமியது. பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். கார் தலைவணங்கி நின்றது. இடிபட்ட பழம் உருண்டோடி, அப்பக்கம் போன டாக்சியின் சக்கரத்தில் நசுங்கியது.

"அந்த டாக்சிக்குப் பூஜை ஆயிடுச்சு" என்றார் ஐயர்.

ஐயர் வேறு பழம் வைத்தார். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை காருக்குள் பிள்ளையார் பொம்மை கழன்று அங்கிள் மடியில் விழுந்தது. லீவு நாள் என்று வேடிக்கை பார்க்க நின்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி சின்னராசு, "எலுமிச்சம்பழத்துக்கு வலிக்கும்னு இவ்வளவு இரக்கம் பாக்குற ஆளை இன்னிக்குத்தான்ணே பாக்குறேன்" என்றார். கூட்டம் சிரித்தது.

ஆன்ட்டி கார்க் கதவைத் திறந்தார். "இறங்குங்க."

"இதுல உக்கார மாட்டேன்னியே?"

"நீங்க ஓட்டினா உக்கார மாட்டேன். பிரேக்கை மாத்திட்டீங்க, அந்தக் காலை மாத்த இஸ்மாயில்கிட்ட பார்ட்ஸ் கிடையாதுலா."

அங்கிள் சாவியை இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஆன்ட்டி சொல்றது டெக்னிக்கலா சரிதான் அங்கிள்" என்றேன். என் படிப்பு அன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது.

ஆன்ட்டி சாவியை வாங்கி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலைத் தொட்டார். சதக், சதக். நான்கும் போயின. கூட்டம் கை தட்டியது.

பிடோக் வரை தீப்பெட்டி வெண்ணெயாக வழுக்கியது. பின்சீட்டில் முழங்கால் காதைத் தொட நான் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கு வரும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்த அங்கிளின் வலது கால், வெறும் தரையை மூன்று முறை ஓங்கி மிதித்தது.

"மெதுவாலா" என்றார் ஆன்ட்டி. "தரையில ஓட்டை விழுந்தா அதுக்கும் அனுமதிக் கடிதம் வாங்கணும்."