நெவெனா நம்பிய முதல் கோடு

ப்லோவ்திவ் நகரத்து மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளின் காதைச் சோதிக்கும் அறையில் நெவெனாவுக்கு இருபத்தாறு வருட உத்தியோகம். பெரிய படிப்பு கிடையாது. ஆனால் டாக்டர்களே கோடு வரைந்த தாளை அவளிடம் நீட்டி, "இது நிஜமா, இரைச்சலா?" என்று கேட்டுப் போவார்கள். கடிகாரத்தில் மணி பார்த்தால் இன்னொரு கடிகாரத்தையும் பார்க்கிற ரகம் அவள்.

தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் கம்பி ஒட்டுவாள். ரப்பர் குழாய் வழியாகக் காதுக்குள் இரண்டாயிரம் தடவை 'டிக்' என்று ஒலி போகும். காது கேட்டால் நரம்பு ஒவ்வொரு தடவையும் மெல்லப் பதில் சொல்லும். ஆனால் குழந்தை வாயைச் சப்புவது, கழுத்தை அசைப்பது, சுவரில் ஓடும் மின்சாரம் எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிவிடும், கல்யாண மேளத்துக்கு நடுவே யாரோ குசுகுசுத்தது மாதிரி. இரண்டாயிரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், மேலும் கீழும் கண்டபடி ஆடும் இரைச்சல் தன்னையே அடித்துக்கொண்டு அடங்கும். நிஜமான பதில் மட்டும் அதே இடத்தில் மேடாக நிற்கும்.

அந்த மேட்டையும் அவள் லேசில் நம்பமாட்டாள். மறுபடி இரண்டாயிரம். மூன்றாவது தடவை குழாயை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள். ஒலியே போகாதபோதும் மேடு வந்தால், அது காது சொன்ன பதில் இல்லை. மூன்றையும் பார்க்காமல் எந்தத் தாயிடமும் அவள் வாய் திறந்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு காலையில், தங்கை ரலித்சா தன் மூன்று மாதப் பெண் போஜிதாராவைத் தூக்கி வந்தாள். நாற்பத்தொரு வயதில் பெற்ற ஒரே பிள்ளை. குழந்தையின் கையில், நலமாக இருக்கட்டும் என்று மார்ச் மாதம் அந்த ஊரில் கட்டிவிடும் சிவப்பு வெள்ளைக் கயிறு. வலது காதில் கோடு தட்டையாகவே ஓடியது. மிச்சம் இருந்தது இடது காதுதான்.

இரண்டாயிரம் முடிந்தது. கோட்டில் சின்னதாக ஒரு மேடு.

"இருக்குடி! இடது காது கேக்குதுடி!"

ஊருக்குத்தான் உபதேசம். ரலித்சா அழுதுகொண்டே கணவன் அசெனுக்குப் போன் போட்டாள். அவன் புர்காஸ் ஊருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் போட்ட கத்தல் அறை முழுவதும் கேட்டது.

நெவெனாவின் கை மட்டும் பழக்கதோஷத்தில் மறுபடி பொத்தானை அழுத்தியிருந்தது. இந்தத் தடவை மேடு வேறு இடத்தில் வந்தது. குழாயை மடித்துப் பிடித்தாள். அப்போதும் ஒரு மேடு, அதே உயரத்தில்.

"என்னக்கா?"

"இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம்."

எட்டாயிரம் ஓட்டினாள். நாலு மடங்கு ஓட்டினால் இரைச்சல் பாதியாகும் என்பது அவளுக்குத் தெரியும். இல்லாத பதில் வளராது என்பதும் தெரியும். கோடு படிந்து படிந்து, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஆனது.

"இல்லடி. நான் பார்த்தது இரைச்சல்."

ரலித்சா கோட்டை விட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் மூணு தடவை பார்ப்பியே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன்க்கா ஒண்ணோட நிறுத்தின?"

"ஆசைடி" என்றாள் நெவெனா. வேறு சொல்ல என்ன இருக்கிறது? பாவி மனசு, கேட்க நினைத்ததைக் கண்ணுக்குக் காட்டிவிட்டது.

"அவர்கிட்ட நீயே சொல்லு."

நெவெனா போன் செய்தாள். அவளைப் பேசவே விடவில்லை அசென்.

"அண்ணி, போனைப் பாப்பா காதுல வைங்க! இடது காதுல! அப்பா ஹாரன் அடிக்கப் போறேன், கேக்கட்டும் என் தங்கம்!"

குழந்தையின் காதருகே பிடித்த போனில் ஹாரன் அலறியது. குழந்தை அசையாமல் தூங்கியது. நெவெனா அது ஓயும்வரை காத்திருந்தாள்.

"அசென், முதல்ல லாரியை ஓரமா நிறுத்துப்பா" என்றாள்.