அப்பா போனில் சொன்ன ‘வாரேன்’

எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறோம். கடைகளுக்கு வரும் போன் பேச்சைக் கேட்டு, யார் என்ன விசாரித்தார்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதிக் கொடுக்கும். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் போன வாரம் பள்ளிபாளையத்து நூல்கடைக்காரர் ஒருவர் அதன் மேல் புகார் கொடுத்தார். ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தறிக்காரர் அவர் கடைக்குப் போன் செய்து நூல் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். பேசி முடித்து, “சரிங்க, அப்ப வாரேனுங்க” என்று போனை வைத்திருக்கிறார். எங்கள் மென்பொருள் உடனே, ‘வாடிக்கையாளர் நேரில் வருகிறார்’ என்று எழுதிவிட்டது. பேசியது கடைக்காரரின் மகன்; கடைக்காரர் படித்தது மென்பொருள் எழுதியதை. பாவம், மதியச் சோற்றுக்குக்கூட எழுந்து போகாமல் கடையில் காத்திருந்திருக்கிறார். தறிக்காரர் வரவில்லை. அவர் வருவதாகச் சொல்லவே இல்லையே.

எங்கள் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் சரி, பம்பாய்க்குப் போனாலும் சரி, ‘வாரேன்’தான். இதை என் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு விளக்கினேன். வடக்கத்திக்காரி. போகிறவர் ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டாள். போகிறேன் என்று சொன்னால் போனவர் வராமலே இருந்துவிடுவாரோ என்று எங்கள் ஊரில் ஒரு பயம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, விடைபெறும் சொற்களின் வரிசையில் இதையும் சேர்த்துவிடு, வேலை முடிந்தது என்றாள். உண்மைதான், டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஆனால் நான் உடனே உட்காரவில்லை. அந்த இயந்திரத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. இதே தப்பை இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் செய்திருக்கிறேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ரிக் வண்டியில் வேலை பார்த்தார். ஆழ்துளைக் கிணறு போடும் லாரியைத்தான் ரிக் என்போம். ஊரில் பாதிப்பேரின் அப்பாக்கள் அப்படித்தான். பொங்கல் முடிந்ததும் வண்டியோடு வடக்கே போவார்கள், அங்கே மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார்கள். மாரியம்மன் நோம்பி பங்குனியில் வரும். ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்பா இல்லாமலே பண்டிகை கொண்டாடப் பழகியவர்கள். நான் மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு வருசமும் நோம்பி சாட்டி நாள் குறித்ததும், அப்பா வருவாரா என்று அம்மாவைப் பிடுங்கி எடுப்பேன்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருசம்தான் எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்திருந்தது. சின்னப் பொத்தான் வைத்த போன். வீட்டுக்குள் அதற்குச் சிக்னல் கிடைக்காது. புறக்கடையில் துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி நின்றால் கிடைக்கும். போன் மணி அடித்தால் அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கல்லின் மேல் ஏறுவாள். இப்போது நான் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறேன். அம்மா கோயில் சிலை மாதிரி கல்லின் மேல் நின்று பேசிய அழகு அதில் வராது.

அப்பா எப்போதும் போனில் கத்தித்தான் பேசுவார். கடைசியில் என்னிடம் கொடுக்கச் சொல்வார். நான் கல்லின் மேல் ஏறியதும், “சாப்புட்டியா சாமி?” என்பார். “சாப்புட்டேனுங்கப்பா” என்பேன். “சரி சாமி, வெச்சர்றேன்” என்பார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

நோம்பிக்குக் கொஞ்ச நாள் முந்தி ஒரு சாயங்காலம் போன் வந்தது. அம்மா கல்லின் மேல் நின்று வெகுநேரம் முணுமுணுத்தாள். “ஏனுங்க, காச்சல் எறங்குச்சுங்களா?” என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது. காய்ச்சல்தானே, எனக்கும்தான் வரும் என்று இருந்துவிட்டேன். நடந்தது என்னவென்றால், ரிக்கில் இரும்பு ராடுகளை மாட்டும்போது அப்பாவின் வலது கை இடையில் சிக்கி நசுங்கியிருந்தது. சத்தீஸ்கரில் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். காயம் சீழ் பிடித்து, விஷம் உடம்பில் ஏறி, காய்ச்சல் குறையவே இல்லை. மறுநாள் காலை ஆப்பரேஷன். கை போனாலும் போகட்டும், ஆள் பிழைத்தால் சரி என்ற நிலையில் டாக்டர்கள் இருந்தார்கள். இது அம்மாவுக்கும், எங்களோடு இருந்த சித்தப்பாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

அம்மா என்னைக் கல்லின் மேல் தூக்கி நிறுத்திப் போனைக் கொடுத்தாள். அன்றைக்கு அப்பா கத்தவில்லை. பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகப் பேசினார். “அம்மா சொல்றதக் கேளு சாமி. நல்லாப் படி. சோத்த மீதி வெக்காத.” அப்புறம், “சரி… வாரேன் சாமி” என்றார்.

நான் கல்லிலிருந்து குதித்தேன். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “அம்மா, அப்பா வாரேன்னு சொன்னாரு! நோம்பிக்கு வாராரு!” என்று கத்தினேன்.

என் கணக்கு மிகச் சரியானது என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் இருக்கிற ஆள் ‘வாரேன்’ என்றால் போகிறார் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? ஆனால் அப்பாதான் வீட்டிலேயே இல்லையே, எங்கிருந்து போவார்? ஊரில் இல்லாத ஆள் வாரேன் என்று சொன்னால் வருகிறார் என்பதைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? எங்கள் மென்பொருளுக்கு இந்த அளவு யோசிக்கக்கூட வராது.

அம்மா அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எந்த நாளும் ‘வெச்சர்றேன்’ என்று சொல்கிற மனிதர் அன்றைக்கு ‘வாரேன்’ என்றிருக்கிறார். அம்மாவிடம் சொல்லத் தெம்பில்லாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்கிற வார்த்தை அது. அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது.

சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை அவருக்கு. எதையும் நேர் பார்த்து, மட்டம் பார்த்துப் பழகியவர், வாயும் அப்படித்தான். “அட கிறுக்குப்புள்ள, அது போன வெக்கறதுக்குச் சொல்ற பேச்சு. அந்த வாரேன் வேற…” என்று ஆரம்பித்தார்.

“தம்பி!” என்றாள் அம்மா. அவரிடம் அம்மா குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. “மாத்திச் சொல்லாதீங்க. கொழந்த வாயில வந்தது வந்தபடியே இருக்கட்டும்.”

சித்தப்பா திரும்பி உள்ளே போனார். அன்றைக்கே ஒரு பையில் இரண்டு சட்டையை அடைத்துக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினார். அங்கே ரயில் பிடித்து அப்பாவிடம் போகிறார் என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. பட்டறைக்குச் சாமான் வாங்கப் போகிறார் என்றார்கள். “வாரேன் சாமி” என்று அவரும் சொல்லிவிட்டுத்தான் போனார். அது போகிற வாரேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டாயிற்று, இனி நிறுத்த முடியுமா? தெரு முழுக்கச் சொன்னேன். டீச்சரிடம் சொன்னேன். சந்தைக்குப் பக்கத்தில் கறிக்கடை வைத்திருந்த பாயிடமும் போய்ச் சொன்னேன். அப்பா ஊரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். “எங்கப்பா நோம்பிக்கு வாராருங்க, ஈரல் எடுத்து வெப்பீங்களாமா” என்று நானே ஒரு உத்தரவும் போட்டேன். “உங்கப்பனுக்கு இல்லாத ஈரலா சாமி? எடுத்து வெக்கறேன் போ” என்றார் பாய்.

தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். “ஏனுங்க, உங்கூட்டுக்காரரு நோம்பிக்கு வாராருங்களாமா?” அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, “ஆமாங்க, வாரேன்னு சொல்லியிருக்கறாரு” என்றாள். அம்மாவே சொன்ன பிறகு எனக்கென்ன குறை? ஒரு துளி பொய் இல்லாமல் அம்மா அந்தப் பதிலைச் சொன்னாள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு என்றால் நான், இருக்கிற இடத்தை அனுப்புங்கள், வீடியோவில் பேசுங்கள் என்று அப்பாவை நச்சரித்திருப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலும் கட்டுப் போட்ட கையும் முழு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். அந்தச் சின்னப் போனுக்கு ஒரு சொல்லைத்தான் கொண்டுவர முடிந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அம்மா அந்த நாட்களைத் தாண்டினாள். தொழில்நுட்பத்தை வைத்துச் சோறு தின்கிறவள் இப்படிச் சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. அரிசி களைந்துகொண்டிருப்பாள், திடீரென்று நிறுத்திவிட்டு, “சாமி, அப்பா போன்ல என்ன சொன்னாரு?” என்பாள். “வாரேன்னு சொன்னாரு” என்பேன். மறுபடி களைவாள். எனக்குச் சடை பின்னும்போது கேட்பாள். விளக்கு வைக்கும்போது கேட்பாள். நானும் சலிக்காமல் சொல்வேன். நல்ல சேதியைச் சொல்ல யாருக்குத்தான் சலிக்கும்?

நோம்பி வந்தது. கோயிலில் பொங்கல் வைத்த அன்றைக்கு அப்பா வரவில்லை. மறுநாள் கறி நாள். ஊரெல்லாம் மசாலா வாசம். பாய் சொன்ன சொல் தவறாமல் ஈரலைத் தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். அம்மா அதை மிளகு போட்டு வறுத்து, அப்பாவின் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தாள். ஆனால் அவள் சாப்பிடவில்லை. எனக்குப் போட்டுவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஆப்பரேஷன் முடிந்தது, ஆனால் ஆளுக்கு இன்னும் நினைவு தெளியவில்லை என்று சித்தப்பா முந்தின நாள் சொல்லியிருந்தாராம். நான் பஸ் வரும் திக்கைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் போன் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா உள்ளே வந்தாள். அப்பாவின் தட்டிலேயே சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “அப்பா இன்னைக்கு வரமாட்டாரு சாமி, அப்பறமா வருவாரு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டாள், சாப்பிட்டாள், அப்படிச் சாப்பிட்டாள். மறுசோறு போட்டுக்கொண்டாள். ஈரலை வழித்து வைத்துச் சாப்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அப்பா வரவில்லை என்று சேதி வந்திருக்கிறது, இவளுக்கு இப்படி ஒரு பசியா! அன்றைக்கு அம்மாவோடு நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

பந்தல் எல்லாம் பிரித்து, பள்ளிக்கூட விடுமுறையும் விட்ட பிறகு ஒரு மத்தியானம் அப்பா வந்தார். சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அப்பா பாதியாக இளைத்திருந்தார். வலது கையில் பெரிய கட்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருக்க வேண்டிய இடம் சப்பையாக இருந்தது. நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்புறம் பயம் தெளிந்ததும் என் வழக்கை எடுத்தேன்.

அம்மா அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரிய மனிதருக்குச் சோறு ஊட்டுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் அடக்கிக்கொண்டு, “நோம்பிக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு ஏனுங்கப்பா வரல?” என்று கேட்டேன்.

“நான் எப்பச் சாமி அப்படிச் சொன்னேன்?” என்றார் அப்பா. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை.

“சொன்னீங்க” என்றாள் அம்மா. சோற்று உருண்டை கையிலேயே நின்றது. என் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கு அப்பா என்ன சொன்னாரு? சொல்லு சாமி.”

எனக்கு அலுப்பாக இருந்தது. எத்தனை தடவைதான் சொல்வது? ரிக்கில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமாகிவிடும் என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்குக் கேட்காவிட்டால் நியாயம் இருக்கிறது. ரிக் வண்டியில் காலே வைக்காத அம்மாவுக்கு எப்படிக் காது போயிற்று? ஒரே வீட்டில் இருப்பதால் சளி மாதிரி இதுவும் ஒட்டிக்கொள்ளும் போல என்று நினைத்துக்கொண்டேன். பாவம், இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“வாரேன்னு சொன்னாரு!”

அப்பா மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போதும் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. “இன்னொருக்காச் சொல்லு” என்றாள்.