தூக்குவாளியில் போன ரத்தம்

போன வாரம் பல் பிடுங்கப் போயிருந்தேன். மரத்துப்போக ஊசி போட்டதும் உதடு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. நான்தான் எதற்கும் பயந்தவளாயிற்றே, "எம்புட்டு போட்டீங்க டாக்டர்? கூடிப் போனா வலிப்பு வரும்ல?" என்று குழறினேன். "யாரும்மா சொன்னா?" என்று அந்தச் சின்ன வயது டாக்டர் பெண் சிரித்தாள்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு யார் சொல்வார்கள்? கண்ணால் பார்த்ததுதான். சின்ன வயதில் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். கீழே நர்சிங் ஹோம், மாடியில் நாங்கள். டெட்டால் நெடியும் பக்கத்துக் கடைப் பிரியாணி வாசமும் ஒன்றாகப் படியேறி வரும். இன்றைக்கும் பிரியாணி வாசம் அடித்தால் ஊருக்கெல்லாம் பசிக்கும், எனக்குக் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் காலை கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒருவனைத் தூக்கி வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் முறைச் சண்டையில் பங்காளி மண்வெட்டியால் மண்டையில் போட்டிருந்தான். டாக்டர் சொன்ன அளவுக்கு நர்ஸ் ஜெசிந்தாக்கா மரப்பு ஊசி போட்டாள். பாதித் தையலில் கைகால் வெட்டி இழுத்தது. அவள் ரத்தம் எடுத்து மேலே எங்களுக்கு அனுப்பிய கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

சொந்தக்காரர்களின் உருட்டுக்கட்டைகள் படியேறின. கதவு, நாற்காலி, ரத்தத்தைச் சுழற்றி மேலே நிற்கும் தெளிவைப் பிரிக்கும் மெஷின் எல்லாம் சில்லுச்சில்லானது. டாக்டர் பின்வாசல் வழியே ஓடிவிட்டார். செத்தவனின் அண்ணன் கருப்பையா, எங்களிடம் ஓடிவந்து ஒளிந்த ஜெசிந்தாக்காவைக் கொண்டையோடு பிடித்துச் சுவரில் மோதினான். "ஊசியப் போட்டுக் கொன்னுட்டியேடி!"

எங்கள் லேப் சார் குறுக்கே விழுந்தார். "ஏலே, ஊசி கொன்னுச்சா, அடி கொன்னுச்சான்னு ஒந் தம்பி ரத்தமே சொல்லும்டா. மதுரையில மெஷின் இருக்கு."

"அப்ப நான்தேன் கொண்டாருவேன். மருந்து கூடுதல்னு வந்துச்சு, அங்கனயே இவ தல உருளும்."

சுழற்றும் மெஷின் போய்விட்டதால் ரத்தத்தை அப்படியேதான் கொண்டுபோக வேண்டும். குழாய் நிமிர்ந்தே இருக்கட்டும் என்றார் சார். ரத்தம் ரப்பர் மூடியில் பட்டால் மூடியிலிருந்து ஏதோ கசிந்து, மருந்தைக் குறைத்துக் காட்டிவிடுமாம்.

டீக்கடைத் தூக்குவாளியில் ஐஸ், நடுவில் நொறுங்காமல் தப்பிய அந்தக் குழாய். பஸ்ஸில் கருப்பையா அதைத் தொடையிடுக்கில் பிடித்திருந்தான். இடுப்பில் அரிவாள். எதிரே ஜெசிந்தாக்கா, வீங்கிய உதட்டோடு ஜெபமாலையை உருட்டிக்கொண்டு. அவளுக்குத் துணையாக நானும் சாரும்.

"என்னண்ணே, வாளியில பாலா?" என்றார் கண்டக்டர்.

"எந் தம்பி."

அவர் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

கொடைரோடு தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டதில் வாளி உருண்டது. கருப்பையா பாய்ந்து குழாயை எடுத்து நிமிர்த்தினான். மூடியில் பட்ட மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

மதுரை லேபுக்குள் நுழைந்ததுமே, மெஷின் ஓட்டுகிறவரிடம் மட்டும் காதோடு அதைச் சொன்னேன். மெஷின்காரர் முகம் சுளித்தார். ஆனாலும் ரத்தத்தைச் சுழற்றி, தெளிவை எடுத்து ஊசியால் மெஷினுக்குள் ஏற்றினார். உள்ளே ரத்தத்தில் கலந்த ஒவ்வொரு பொருளும் பிரிந்து தன் தன் நேரத்துக்குத்தான் வெளியே வரும் என்றார். பேனா தாளில் கோடு இழுத்தது. மருந்து வரவேண்டிய இடத்தில் சின்ன மேடு.

"அளவுக்குள்ளதான் இருக்கு. ஆனா மூடியில பட்டிருந்தா..."

கருப்பையா அந்த 'ஆனா'வுக்கு நிற்கவில்லை. "அப்ப அடிதேன்" என்று படியிறங்கினான்.

"கருப்பையா, நில்லு! இன்னும் முடியல!" சார் தெருவரை ஓடினார். போன் போட்டு ஊருக்கும் சொன்னார். தடுக்க ஆள் போய்ச் சேர்வதற்குள் பங்காளியின் தலை கிணற்று மேட்டில் கிடந்தது.

அப்புறம் ஜெசிந்தாக்கா ஊசியைத் தொடவே இல்லை. மூடியில் பட்டிருந்தால் கொன்றது ஊசிதான், செத்த இரண்டு பேருமே தன் பாவம் என்று நினைத்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வருவாள். வாசலிலேயே கேட்பாள், "பட்டுச்சா புள்ள?"

"படவே இல்லக்கா."

நர்சிங் ஹோமை இடித்து ஜவுளிக்கடை வைத்துவிட்டார்கள். ரப்பர் மூடி போட்ட அந்தக் கண்ணாடிக் குழாய்களையும் இப்போது எங்கும் காணோம். சார் எப்போதோ போய்விட்டார். இந்தத் தவக்காலத்தில் ஜெசிந்தாக்காவும் போய்விட்டாள். இனி நான் யாரிடம் போய், படவே இல்லை என்று சொல்வது?