காய்ச்சல் கடிதத்துக்கு மதிப்பெண் போடாதவர்

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே படம் வந்துவிட்டது. மாலை போட்ட புகைப்படம், கீழே கொட்டை எழுத்தில், "நூறு சதவீதத் தேர்ச்சி தந்த ஆங்கில ஆசிரியை சபுரா மறைந்தார்." எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

கணபதி என்ற ஊரில் நாங்கள் இருவரும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் இருந்தோம். நான் அறிவியல். அங்கே படிப்பவர்கள் பெரும்பாலும் லேத் பட்டறைக்காரர்களின் பிள்ளைகள். ஒன்பதாவதிலும் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களைத் தேர்ச்சி பெறவைக்க ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்கும் கடிதம் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எந்தக் கடிதம் கேட்டாலும் அதையே எழுதலாம், எழுதியதற்கு மதிப்பெண் விழும்.

ஓர் அரையாண்டுத் தேர்வில், பந்தயத்தில் பரிசு வாங்கிய தோழியை வாழ்த்திக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். பாதி வகுப்பு காய்ச்சலை எழுதியிருந்தது. சபுரா டீச்சர் முதலில் சிரித்தார். அப்புறம் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், பரிசு வாங்குன புள்ளைக்குக் காச்சலாமுங்க. இதுக்கு மார்க்குப் போட்டா நாம எதுக்குங்க பள்ளிக்கூடம் வாரோம்?"

அத்தனைக்கும் பூஜ்ஜியம் போட்டார். தேவி என்ற பிள்ளை மட்டும் சொந்தமாக, "யூ வின். ஐ ஹேப்பி" என்று எழுதியிருந்தாள். அவளுக்குத் தேர்ச்சி மதிப்பெண். "தோழிகிட்ட சந்தோசத்தைச் சொல்லோணும், இந்த மாசம் அதுதானுங்க இலக்கு. அவ சொல்லிப்போட்டா. இலக்கணம் பொறவு வரும்" என்றார் டீச்சர். மாதா மாதம் என்ன கற்கப்போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார். அதற்குத்தான் மதிப்பெண்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, "மேலெடத்துல கேட்டா யாருங்கம்மா பதில் சொல்றது? மாத்திப்போடுங்க" என்றார். டீச்சர் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு ஒன்பது, பத்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஆறாவதுக்கு அனுப்பினார்கள். படத்தில் போட்டிருக்கும் அந்த நூறு சதவீதம் அதற்குப் பிறகு வந்தது. காய்ச்சல் கடிதத்தால் வந்தது. வகுப்பையும் பறித்து, பறித்தவர்களின் பெருமையையும் செத்தவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

"ஆறாவதுதானுங்களே, இவங்களும் ஒரு நாளைக்குப் பத்தாவதுக்குப் போவாங்கல்லோ" என்று டீச்சர் அன்று சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு பத்தாவதில் இருக்கிறார்கள். அவர்களுடைய தேர்வைப் பார்க்க நோய் அவரை விடவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவர்களில் ஒருத்தியான நஸ்ரினை ஆங்கிலத்தில் பேச வைத்தார்கள். தலைமையாசிரியர் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்திருந்தார், அதிலும் தேர்ச்சி சதவீதம்தான். முதல் வரியைப் படித்தவள் நின்றாள். தாளை மடித்தாள். தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்து, யாரும் எழுதிக் கொடுக்காத ஆங்கிலத்தில் சொன்னாள்: "சார், திஸ் இஸ் நாட் மை டீச்சர்."

நான் கைதட்டிவிட்டேன். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாதாம், பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்தார். பிடித்தால் பிடிக்கட்டும். சபுரா டீச்சரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள அந்தப் பிள்ளையின் ஒரு வாக்கியம் போதும்.